சிவப்பு வட்டமிட்ட ரிவெற்றுகள்

பெப்ரவரி 11, ஞாயிறு

துஷி இன்று என் கையில் ஒரு இரும்புக் கட்டியைத் தந்து, "அப்பா, இதை இறுக்கிப் பிடியுங்கோ. நான் அடிக்கேக்கை அசையக் கூடாது" என்றாள். முதல் அடியிலேயே கட்டி என் கையிலிருந்து துள்ளிக் கராஜ் தரையில் விழுந்தது. நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்னட்டை ஏன் மன்னிப்புக் கேக்கிறியள்? தரையிட்டைக் கேளுங்கோ" என்றாள்.

துஷ்யந்தி எங்கள் ஒரே மகள். வயது நாற்பத்து மூன்று. ஒரு மருந்தகத்தில் மருந்தாளர். மூன்று வருடங்களுக்கு முன் சிறு விமானம் ஓட்டும் உரிமம் எடுத்தாள். எடுத்து முடிந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னாள். போன இலையுதிர் காலத்தில் பெரிய பெரிய பெட்டிகள் வந்து இறங்கின. உள்ளே இரண்டு பேர் இருந்து போகக்கூடிய ஒரு விமானம், துண்டு துண்டாக. அதை வீட்டிலேயே கட்டலாமாம். இந்த நாட்டில் நிறையப் பேர் கட்டுகிறார்களாம். இதுவரை அவளுடன் வேலை செய்யும் ஒரு பெண் வந்து கை கொடுத்தாள். அவள் கல்கரிக்கு மாறிப் போய்விட்டாள். ஒஷாவாவின் இந்தக் குளிரில் கராஜில் நின்று இரும்பு பிடிக்க இனி யார் இருக்கிறார்கள்? நான்தான்.

ரிவெற் என்பது சின்ன அலுமினிய ஆணி. ஒரு பக்கம் தலை, மறு பக்கம் வால். இரண்டு தகடுகளின் துளைக்குள் அதை விட்டு, தலைப் பக்கத்தில் அவள் காற்றுத் துவக்கால், துப்பாக்கி போன்ற ஒரு கருவியால், அடிப்பாள். வால் பக்கத்தில் நான் கட்டியை வைத்துப் பிடிப்பேன். அடி வாங்கி வால் நசுங்கித் தட்டையாக மலரும். பிறகு தகடுகள் பிரியா. ஒருவராகச் செய்ய முடியாத வேலை. அவளுக்கு வால் தெரியாது. எனக்குத் தலை தெரியாது.

என் மனைவி மணி தேத்தண்ணி கொண்டு வந்தா. கட்டி விழுந்த கதையைக் கேட்டுவிட்டு, "உங்களைப் பிடிக்கச் சொன்ன ஆளைத்தான் முதல் பிடிச்சு வைக்க வேணும்" என்றா.

எழுபத்தாறு வயதாகிறது. யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்தவன். ஆடுகிற கதிரைக் காலைக்கூடத் திருத்தத் தெரியாது. மகளுக்கு முன்னால் அது இன்று நன்றாகத் தெரிந்தது.

பெப்ரவரி 14, புதன்

அவள் வேலைக்குப் போன பிறகு கட்டுமானக் கையேட்டை எடுத்து வாசித்தேன். சிறகு கட்டியாக இருக்கும் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். உள்ளே ஒன்றுமில்லை. முன்னால் ஒரு தடித்த சட்டம், பின்னால் ஒரு மெல்லிய சட்டம். இரண்டுக்கும் குறுக்கே விலா எலும்பு போல வளைத்த தகடுகள். அதற்கு மேல் அலுமினியத் தோல். அவ்வளவுதான்.

பலம் எந்த ஒரு துண்டிலும் இல்லை, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த விதத்தில் இருக்கிறது என்று கையேடு சொல்கிறது. தோலும் பாரத்தில் பங்கெடுக்குமாம். ஒவ்வொரு ரிவெற்றும் பக்கத்து ரிவெற்றுக்குத் தன் பாரத்தில் கொஞ்சம் கொடுத்துவிடுமாம். வாசிக்கும்போது விளங்கியது. அழகாகவும் இருந்தது. கராஜுக்குப் போய், சுவரில் சாய்த்து வைத்திருந்த தோல் தகட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். உள்ளே போய் 'டக்' என்று திரும்பி வந்தது.

வாசித்தது எல்லாம் மறந்துவிட்டது.

பெப்ரவரி 18, ஞாயிறு

கை பழகிவிட்டது. கட்டி இப்போது விழுவதில்லை. விலாக்களைப் பின்சட்டத்தோடு சேர்த்து அடித்தோம். என் பக்கத்தில் வால்கள் ஒவ்வொன்றாக மலர்வதைப் பார்க்க, எனக்கே ஒரு திருப்தி.

துஷி ஒரு சின்ன உருக்குத் துண்டு தந்தாள். அதை அளவி என்று எழுதுகிறேன். மலர்ந்த வாலின் அகலமும் உயரமும் அதில் வெட்டியிருக்கும் படிக்குள் அடங்கினால் நல்ல ரிவெற். வால் சரிந்திருந்தால், கூட நசுங்கியிருந்தால், வெடித்திருந்தால் பழுது. பழுதைச் சிவப்பு மையால் வட்டமிட வேண்டும். அவள் பிறகு துளைகருவியால் தலையைத் துளைத்து, ரிவெற்றைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது போடுவாள்.

"பிழை பிடிக்கிறதிலை நீங்கள் விண்ணனெல்லோ அப்பா. எங்கட பள்ளிக்கூடத்திலை உங்கட சிவப்புப் பேனைக்குப் பயப்பிடாத பெடியள் ஆர்? இந்த வேலையை உங்களிட்டைத் தாறன். நீங்கள் பிழை எண்டால் நான் கேள்வி கேக்காமல் கழட்டுவன்."

இன்று பார்த்ததில் மூன்று உண்மையிலேயே சரிந்திருந்தன. குறித்தேன். கழற்றினாள். என் சொல்லுக்கு ஒரு பெறுமதி இருப்பது போல இருந்தது. படுக்கைக்குப் போகும் வரை அந்த நினைப்புடன் இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இருந்தேன்.

பெப்ரவரி 25, ஞாயிறு

இன்று இன்னும் சில குறித்தேன். போன கிழமை சரி என்று விட்டவற்றையும் திரும்பப் பார்த்தேன். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் வேறு விதமாகத் தெரிகின்றன.

திட்டம் இதுதான் என்று துஷி சாப்பாட்டு மேசையில் சொன்னாள். சிறகுகளைத் தோலால் மூட முன்னர் ஒரு பரிசோதகர் வந்து உள்ளே பார்ப்பார். அவர் ஏப்ரல் 6 வருகிறார். மூடிய பிறகு உள்ளே யாரும் பார்க்க முடியாது. மே மாதம் எல்லாவற்றையும் விமானத் திடலுக்குக் கொண்டுபோய் உடலோடு பூட்டுவது. ஆனியில் பறப்பது.

"ஆர் முதல் ஏறுறது?" என்று மணி கேட்டா.

"முதல் தரம் நான் தனியத்தான் அம்மா. அதுதான் விதி. ரண்டாம் தரம் உங்களை ஏத்திறன்."

"சீலையோட ஏறலாமோ?"

"காலைத் தூக்கிச் சிறகிலை வைக்க வேணும்."

"அப்ப சுடிதார் வாங்கித் தா."

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஆனிக்கு இன்னும் மூன்று மாதம்தான் இருக்கிறது.

பெப்ரவரி 28, புதன்

பனிப்புயல். கராஜ் கதவு உறைந்து திறக்கவில்லை. வேலை இல்லை. நிம்மதி.

நிம்மதி என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

காலையில் நடக்கப் போனபோது ஒரு சின்ன விமானம் தாழப் பறந்து போனது. திடல் பக்கத்தில்தான் இருக்கிறது, நாளாந்தம் போகின்றன. நான் எப்போதும் போலத் தபாற்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சத்தம் போகும் வரை சப்பாத்து நாடாவைக் கட்டினேன்.

மணி எதையும் மறைக்கத் தெரியாத மனுஷி. மத்தியானம் சாப்பிடும்போது, "எங்கட தலைக்கு மேலாலை சுத்திச் சுத்தி வந்து குண்டு போட்டதும் இப்பிடிச் சின்னதுதான், என்ன?" என்றா.

துஷி சிரிக்கவில்லை. "அது போட்டது அம்மா. இது போடாது" என்றாள்.

"போடாது. எனக்குத் தெரியாதே? கதைக்குச் சொன்னன். இவர்தான் இப்பவும் சத்தம் கேட்டால் குனிஞ்சு சப்பாத்துக் கட்டுறவர்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். குழம்பில் உப்புக் கூட என்றேன்.

மார்ச் 10, ஞாயிறு

இந்தக் கிழமை பகலில் தனியே கராஜுக்குப் போய்ப் பின்சட்டம் முழுவதையும் பார்த்தேன். சிறகு உடலோடு பூட்டப்படும் அடிப்பக்கத்தில், பின்சட்டத்துக்கு மேலே இன்னொரு தகடு வைத்து இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். பாரம் கூட வரும் இடம். அங்கேயுள்ள ரிவெற்றுகளில் நிறையக் குறித்தேன்.

அளவி அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தியது. ஆனால் பொருந்துவது வேறு, திருப்தி வேறு. நாற்பது பிள்ளைகளின் கணக்கைத் திருத்தியவனுக்கு விடை சரியாக இருந்தும் வழி சரியில்லாத கணக்கைப் பார்த்தவுடன் தெரியும். சந்தேகம் இருந்தால் கழற்றுவதுதான் நல்லது. இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். கவனம் கூடினால் யாருக்கு என்ன நட்டம்?

மாலையில் துஷி வந்து வட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினாள். "இவ்வளவோ?" என்றாள். பிறகு, "நான் துவக்கைச் சாய்ச்சுப் பிடிக்கிறன் போல. மன்னியுங்கோ அப்பா" என்றாள்.

பரவாயில்லை பிள்ளை, திருத்தலாம் என்றேன்.

மார்ச் 16, சனி

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலை முழுவதும் பின்சட்டத்தின் அடிப்பக்கத்தில் நான் குறித்த ரிவெற்றுகளைத் துஷி கழற்றினாள். ரிவெற் கழற்றுவது போடுவதைவிடக் கடினம். தலையின் சரியான நடுவில் துளைகருவியை வைக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் ரிவெற்றை விட்டுத் தகட்டைத் துளைத்துவிடும். அவள் இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை அடக்கி, ஒவ்வொன்றாகச் செய்தாள். நான் விளக்குப் பிடித்தேன்.

ஓரத்தில் இருந்த ஒன்றில் கருவி வழுக்கியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. 'சிர்' என்று ஒரு கணம். ரிவெற்றைத் தட்டி எடுத்துப் பார்த்தபோது துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவம்.

அவள் கருவியைக் கீழே வைத்துவிட்டுக் கவிழ்த்த வாளியில் இருந்தாள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. "என்ர கைதான் அப்பா" என்றாள். "என்ர கை சரியில்லை."

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. தேத்தண்ணி குடிப்போமா என்று கேட்டிருப்பேன்.

மார்ச் 17, ஞாயிறு

லெசெக் வந்தார். போலந்துக்காரர். பல் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்படியான இரண்டு விமானங்களைக் கட்டியவர். துஷிக்குச் சந்தேகம் வந்தால் அவரைத்தான் கூப்பிடுவாள். அவர் பேசுவது ஆங்கிலம். என் தமிழில் எழுதுகிறேன்.

துளையைப் பார்த்தார். பெரிய துளையாக்கிப் பெரிய ரிவெற் போடலாமா என்று துஷி கேட்டாள். வேறு இடமென்றால் போடலாம், இங்கே துளைக்கும் தகட்டின் ஓரத்துக்கும் இடையில் போதிய இடம் இல்லை, பாரம் வந்தால் ஓரம் கிழியும் என்றார். புதுப் பின்சட்டம் எடுப்பித்து, எல்லா விலாக்களையும் அதிலிருந்து கழற்றி, மறுபடி பூட்ட வேண்டும். பரிசோதகரை இப்போது வரவேண்டாம் என்று சொல்வதுதான் நல்லது.

பிறகு அவர் மற்றச் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அளவியை எடுத்தார். ஒன்றில் வைத்தார். அடுத்ததில் வைத்தார். அதற்கடுத்ததில் வைத்தார்.

"இவற்றைக் குறித்தது யார்?"

"அப்பா" என்றாள் துஷி. "அவர் கணித ஆசிரியர். மிகக் கவனமானவர்."

"இவை நல்ல ரிவெற்றுகள்."

"சந்தேகமிருந்தால் கழற்றுவது நல்லதென்று நினைத்தோம்."

லெசெக் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை இல்லை. வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுப் பார்க்கும் பார்வை. "முற்றிலும் அழகாக இல்லாத ரிவெற்றை விட்டுவிட்டால் அது தன் வேலையைச் செய்யும்," என்றார். "கழற்றினால் துளை கொஞ்சம் பெருக்கும். இரண்டாம் தரம் கழற்றினால் இன்னும் பெருக்கும். என் தொழிலிலும் அப்படித்தான். சும்மா விட்டிருந்தால் நின்றிருக்கும் பற்கள் பலவற்றை வைத்தியர்கள்தான் கெடுத்தார்கள்."

"அப்பா ஒன்றைப் பிழை என்றால் அது பிழையாகத்தான் இருக்கும்," என்றாள் துஷி. குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. "நான் அடித்த விதம்தான் பிழை."

எனக்காகப் பேசினாள். நான் நிலத்தில் கிடந்த அலுமினியத் துருவல்களைத் தும்புத்தடியால் கூட்டத் தொடங்கினேன்.

மார்ச் 19, செவ்வாய்

துஷி இரவுச் சாப்பாட்டில் சொன்னாள். விற்கப் போகிறாளாம். பாதி கட்டிய விமானங்களை வாங்கி முடிப்பவர்கள் இருக்கிறார்களாம். பீற்றர்பரோவிலிருந்து ஒருவர் சனிக்கிழமை பின்னேரம் பார்க்க வருகிறார்.

"என்னாலை ஏலாது அம்மா. ஒரு ரிவெற்றை ஒழுங்கா அடிக்கத் தெரியாத ஆள், அடிச்சதை ஒழுங்காக் கழட்டவும் தெரியேல்லை. இதிலை ஏறி வானத்துக்குப் போகப் போறனோ? வேண்டாம்."

"எனக்குச் சுடிதார் வாங்கியாச்சே" என்றா மணி. யாரும் சிரிக்கவில்லை.

நான் கவலைப்பட வேண்டிய நேரம். இரண்டாம் தரமும் புட்டுப் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். பல கிழமைகளுக்குப் பிறகு வாய்க்கு ருசித்தது. கோப்பையைக் கழுவும்போதுதான் அது எனக்கு உறைத்தது. தண்ணீரைத் திறந்துவிட்டபடி கொஞ்ச நேரம் நின்றேன்.

மார்ச் 20, புதன்

துஷியிடம் இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22, வெள்ளி

மணி இன்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தா. நான் பத்திரிகை வாசிப்பதுபோல் இருந்தேன்.

"உங்களுக்குச் சந்தோசம் போல" என்றா.

"என்ன சந்தோசம்?"

"நித்திரை கொள்ளுறியள். மூண்டு மாசமா இரவிலை புரண்டு புரண்டு படுத்த மனுசன், செவ்வாய்க்கிழமை தொடக்கம் குறட்டை."

"இஞ்சரும், சும்மா விசர்க் கதை கதையாதையும்."

"நான் கதைக்கேல்லை. ஆனா அந்தப் பிள்ளை நித்திரை இல்லை. அதையும் பாருங்கோ." கறிவேப்பிலைக் காம்புகளைக் கூட்டி எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டா.

நான் பிழையாக நினைத்துச் செய்ததா, அறிந்து செய்ததா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். மார்ச் 10ஆம் திகதி எழுதியதை எடுத்து வாசித்தேன். கவனம் கூடினால் யாருக்கு என்ன நட்டம் என்று எழுதியிருக்கிறேன். அதை எழுதியவன் நன்றாக அறிந்துதான் எழுதியிருக்கிறான். கவனமில்லை அது. அவள் பறக்கக் கூடாது. அந்தச் சிறகு மூடப்படக் கூடாது. அதைச் சொல்லத் துணிவில்லாதவன் கையில் சிவப்புப் பேனை கிடைத்துவிட்டது.

மார்ச் 23, சனி

பின்னேரம் ஆள் வருமுன் சொல்ல வேண்டும் என்று விடியவே எழுந்து முகம் வழித்தேன். ஏன் முகம் வழித்தேன் என்று தெரியாது.

துஷி கராஜில் கருவிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள், வாங்க வரும் ஆளுக்குக் காட்ட. நான் கதவடியிலேயே நின்றேன்.

"பிள்ளை, அந்த ரிவெற்றுகள் நல்லது."

"எது?"

"நீ கழட்டினதுகள். கடைசியா வழுக்கினதும்."

அவள் திரும்பவில்லை. "லெசெக் சொன்னதைக் கேட்டு மனசைப் போட்டு உழப்பாதேங்கோ அப்பா. நீங்கள் கவனத்திலைதானே குறிச்சனீங்கள்."

"முதல் குறிச்சதுகள் உண்மையாப் பிழை. பிறகு குறிச்சதிலை கனக்க நல்லது. எனக்குத் தெரியும்."

"அளந்தனீங்களே?"

"அளந்தனான்."

"அளந்து, சரியெண்டு கண்டு போட்டுமோ வட்டம் போட்டனீங்கள்?"

"ஓம்."

இப்போது திரும்பினாள். கையில் துணி இருந்தது. அதை மடித்தாள். மடித்ததை இன்னொரு தரம் மடித்தாள்.

"நான் ஒரு கிழமையா என்ர கை பழுதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறன். மருந்துக் கடையிலை குளிசை எண்ணேக்கை கை நடுங்கினது. எண்ணினதைத் திரும்ப எண்ணி, அதையும் நம்பாமல், பக்கத்திலை நிண்ட பெட்டையைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னனான். இருபது வருசமாச் செய்யிற வேலை அப்பா."

எனக்கு இது தெரியாது. நான் நினைத்தது சிறகு மட்டும்தான்.

"ஒண்டு கேக்கிறன். நான் விழுந்து செத்துப்போவன் எண்டு பயமோ, இல்லாட்டி எனக்கு இது ஏலாது எண்டு நினைச்சனீங்களோ?"

"பயம்."

"பயமெண்டால் பயமெண்டு சொல்லியிருக்கலாமே. கேட்டு நிப்பாட்டியிருப்பன் எண்டு சொல்லேல்லை. நிப்பாட்டியிருக்க மாட்டன். ஆனா நீங்கள் சொல்லியிருக்கலாம்."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தட்டில் இருந்து ஸ்பிரிற் போத்தலை எடுத்து, மடித்த துணியோடு என் கையில் தந்தாள்.

"மிச்ச வட்டங்களைப் பாருங்கோ. எது நல்லதோ அதை அழியுங்கோ. எனக்கு முன்னாலை."

அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் சிறகுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தேன். விலாவுக்கு விலா, ஒவ்வொன்றாக அளவியை வைத்தேன், பார்த்தேன், அழித்தேன். மை ஸ்பிரிற்றில் கரைந்து அலுமினியத்தில் இளஞ்சிவப்பாகப் பரவியது. திரும்பத் திரும்பத் துடைக்க வேண்டியிருந்தது. ஒரு வட்டம்கூட மிஞ்சவில்லை. எழும்ப முடியாமல் சிறகின் விலாவைப் பிடிக்கப் போனபோது, "அதிலை பிடிக்காதேங்கோ" என்றாள். கை தரவில்லை. பிறகு தந்தாள்.

அந்த ஆளுக்கு அவள் எனக்கு முன்னாலேயே தொலைபேசி எடுத்தாள். விற்கவில்லை என்றாள். காரணம் கேட்டிருக்க வேண்டும். "ஒரு பிழை நடந்துவிட்டது, என்னுடையது இல்லை" என்றாள்.

அவள் கேட்ட கேள்விக்குப் பயம் என்று மட்டும்தான் சொன்னேன். இரண்டாவதற்கு நான் பதில் சொல்லவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. இங்கேயாவது எழுதுகிறேன். இரண்டாவதும் உண்மை. அவள் கையால் செய்த ஒன்று சரியாக இருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை. அளவி சொன்னபோதும்.

மார்ச் 24, ஞாயிறு

துஷி கதைக்கவில்லை. என் குளிசைப் பெட்டியை வழமைபோல ஒரு கிழமைக்கு நிரப்பி மேசையில் வைத்திருந்தாள்.

மார்ச் 30, சனி

புதுப் பின்சட்டம் வந்தது. லெசெக்கும் அவளுமாகப் பழையதைக் கழற்றினார்கள். உள்ளே இருந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி இருவருக்கும் வடை கொண்டுபோனா. திரும்பி வந்து, "அந்தப் பல்லு டொக்டர் வடைக்கு நடுவிலை ஏன் ஓட்டை எண்டு கேக்கிறார்" என்றா. நான் சிரித்துவிட்டுப் பிறகு கராஜ் பக்கம் பார்த்தேன். அங்கேயும் சிரித்தார்கள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பயம் போகவில்லை. ஒப்புக்கொண்டால் போய்விடும் என்று ஒரு எண்ணம் இருந்தது போலும். போகவில்லை. இப்போது இரவில் புரண்டு படுக்கிறேன். மணி, "அப்பாடா, குறட்டை நிண்டுட்டுது" என்றா.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. மணி பாற்பொங்கல் வைத்தா. சாப்பிட்டு முடிய, துஷி கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "லெசெக்குக்கு முதுகு பிடிச்சுப்போட்டுதாம். கட்டில்லை கிடக்கிறார். கட்டி பிடிக்க ஆள் இல்லை" என்றாள்.

 என்னைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை.

"வாறியளோ?"

வேட்டியை மாற்றிக் காற்சட்டை போட்டுக்கொண்டு போனேன். புதுப் பின்சட்டம் பூட்டியிருந்தது. அடிப்பக்கத்து இரட்டைத் தகட்டின் ரிவெற்றுகள்தான் மிச்சம். பரிசோதகர் மே 4 வருகிறாராம்.

இருவரும் தேவைக்கு மட்டும் கதைத்தோம். "சரியோ?" "ஓம்." அடி. "சரியோ?" "ஓம்." அடி. முன்பெல்லாம் ஒவ்வொன்றும் முடிய நான் ஏதாவது சொல்வேன். இன்று அளவியை வைத்து, "நல்லது" என்று மட்டும் சொன்னேன். அவள் அடுத்ததை எடுத்தாள்.

ஓரத்தில் இருந்த ஒன்றை அடித்தபோது என் கட்டி மயிரிழை சாய்ந்துவிட்டது. கையில் உணர்ந்தேன். குனிந்து பார்த்தேன். வால் ஒரு பக்கம் சரிந்து மலர்ந்திருந்தது. மறு பக்கம் தகட்டில் முட்டவே இல்லை. அளவியை வைத்தேன். அடங்கவில்லை. எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அடங்கவில்லை.

போன முறை கருவி வழுக்கியதும் இதே இடத்தில்தான். இதைக் கழற்றச் சொன்னால் அதே ஓரத்தில் அவள் மறுபடி துளைக்க வேண்டும். நல்லது என்று ஒரு சொல் சொன்னால் போதும், அடுத்ததற்குப் போய்விடுவாள். பாரத்தைப் பக்கத்து ரிவெற்றுகள் வாங்கிக்கொள்ளும். மே மாதம் சிறகு மூடப்பட்டுவிடும். அவளுக்கும் எனக்கும் இடையில் இன்றைக்குத்தான் கொஞ்சம் பேச்சு வந்திருக்கிறது. இவ்வளவையும் ஒரு கணத்தில் நினைத்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும்.

"பிள்ளை, இது பழுது" என்றேன். "நான் கட்டியைச் சாய்ச்சுப்போட்டன்."

துவக்கின் காற்றுக் குழாய் சீறிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள். சிறகின் மற்றப் பக்கத்திலிருந்து அவள் முகம் தெரியவில்லை.

"பழுதோ?"

"ஓம்."

"உண்மையாவோ?"

இந்தக் கேள்வியை அவள் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. சின்னப்பிள்ளையாக இருந்தபோதும் கேட்டதில்லை.  அளவியை நீட்டினேன்.

அவள் சுற்றி வந்தாள். அளவியை வாங்கிக்கொண்டு குளிர்ந்த சீமெந்துத் தரையில் மல்லாந்து படுத்து, தலையைச் சிறகுக்குக் கீழே கொண்டுபோனாள். விளக்கைக் கேட்டாள், கொடுத்தேன். வைத்துப் பார்த்தாள். விளக்கை மாற்றிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தாள். பக்கத்தில் நான் நல்லது என்று சொன்னவற்றிலும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். நான் தள்ளி நின்றேன். கை எங்கே வைப்பது என்று தெரியாமல் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன்.

"ஓம். இது பழுது" என்றாள், கீழே இருந்து.

துளைகருவியை எடுத்தாள். நான் விளக்குப் பிடித்தேன். கருவியின் முனையைத் தலையின் நடுவில் வைத்து, நன்றாக வைத்திருக்கிறதா என்று மூன்று பக்கமும் பார்த்து, மூச்சை அடக்கித் துளைத்தாள். தலை கழன்று வந்தது. வாலைத் தட்டி எடுத்தாள். துளைக்குள் வெளிச்சத்தைக் காட்டினேன். வட்டமாக இருந்தது. அவள் கை நடுங்கவில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புது ரிவெற் போட்டோம். இந்த முறை கட்டியை இரண்டு கையாலும் பிடித்தேன். அளவி அடங்கியது.

"நல்லது" என்றேன்.

அவள் துவக்கைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றி வந்து, அளவிக்குக் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டு, அவள் குனிந்து பார்ப்பதற்கு இடம் விட்டு ஒதுங்கி நின்றேன். அடுத்ததற்கும் வந்தாள். அதற்கடுத்ததற்கும் வந்தாள். மூன்றாவது முறை அவள் சுற்றி வர முன்னரே அளவியை நீட்டியபடி நின்றேன்.